பிறை பார்த்த செக்கிங் அக்கா

அக்காவிடம் எதையும் ஒரு பிடி கூட்டிச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது.

"ரேஷன் கடையில நூறு பேர் நிக்கறாங்கக்கா."

"நூறா? எண்ணுனயா கண்ணு?"

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்பார். நான் மனசுக்குள் வரிசையை ஓட்டிப் பார்த்து, "இருபது பேர் இருப்பாங்க" என்று இறங்கி வருவேன். "அப்படிச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மறுபடி வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிடுவார்.

என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா அவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வால்பாறையிலிருந்து கல்யாணமாகி சூலூருக்கு வந்தபோது அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். மாமனார், மாமியார் இருவரும் அதற்கு முன்பே மவுத்தாகியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வீட்டு முன்புறத்திலேயே ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். அக்கா தினமும் காலை ஏழு மணி பஸ் பிடித்து திருப்பூர் போவார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை உள்வெளியாகத் திருப்பி, ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும். கண்ட இடத்தில் அம்பு போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பத்து வருசம் அதைச் செய்து செய்து அவர் கண் ஒரு மாதிரி ஆகிவிட்டிருந்தது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் சட்டையில் தையல் விட்டிருந்தால்கூட அவர் விரல் ஸ்டிக்கரைத் தேடும் என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். தெருவில் அவருக்குப் பேரே செக்கிங் அக்காதான்.

ஒரு தடவை அவசரமாகப் போக வேண்டிய சரக்கு. லாரி வாசலில் நிற்கிறது. மேனேஜர் வந்து, "அக்கா, இந்தக் கட்டைப் பார்க்க வேண்டாம், பாஸ்னு சீல் வச்சுக் குடுத்துருங்க" என்றாராம். அக்கா மேலே கிடந்த நாலு பீஸை எடுத்துப் பார்த்தார். இரண்டில் ஓட்டை.

"ஓட்டை இருக்குதுங்க. அனுப்பறது உங்க இஷ்டம். ஆனா இல்லைன்னு என்னையச் சொல்லச் சொல்லாதீங்க."

மேனேஜரே சீல் வைத்து அனுப்பினார். அக்கா அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை. கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்.

அவருடைய சொந்தக் கதையை எனக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரர். அக்காவைப் பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எட்டு மாதத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். தலாக் விஷயம் பேச ஜமாத்தில் உட்கார்ந்தபோது, போகும் வழியெல்லாம் அக்காவின் அப்பா, என் மாமனார், சொல்லிக் கொடுத்திருக்கிறார்: "தினமும் அடிச்சான்னு சொல்லும்மா. அப்பத்தான் வெரசா முடியும்." பெரியவர்கள் கேட்டார்கள். அக்கா சொன்னார்:

"ஒரு தடவை அடிச்சாருங்க."

மாமனார் முகம் செத்துப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் தெம்பு வந்து, "ஒரே ஒரு தடவைதானே அம்மணி?" என்றாராம்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு தடவை போதாதுங்களா?"

அந்த வாரமே எல்லாம் முடிந்தது. ஆனாலும் தான் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லவில்லை என்று மாமனார் வெகுநாள் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

இப்படிப்பட்டவரோடு ஒரே வீட்டில் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. என் அம்மா வால்பாறையிலிருந்து நாலு பஸ் மாறி அல்வா கிண்டி எடுத்து வந்து, "எப்படி இருக்குதுங்க?" என்று ஆசையாகக் கேட்டபோது, "நெய் பத்தலைங்க" என்றார். அம்மா அன்று முழுக்க அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. நான் குளியலறையில் போய் அழுதேன். மறுநாள் காலை அக்கா அந்த அல்வாவையே டப்பாவில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வெறும் டப்பா வந்தது. "எல்லாரும் கேட்டு வாங்கித் தின்னாங்க" என்று அம்மாவிடம் சொன்னார். அதுவும் நடந்ததுதான். நடக்காதிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த வருசங்களில் நோன்பு ஏப்ரல் வெயிலில் வந்தது. சூலூரில் எங்கள் ஆட்கள் வீடு கொஞ்சம்தான்; எல்லாம் ஒரு பள்ளிவாசலைச் சுற்றியே. ஒரு பக்கம் தறிச்சத்தம், தலைக்கு மேல் விமானப்படை விமானச் சத்தம், நடுவில் தொழுகைக்குக் கூப்பிடும் எங்கள் பாங்கு. பள்ளிவாசலில் மத்தியானமே கஞ்சி அண்டா ஏறிவிடும். சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் கஞ்சி வாங்கத் தூக்குப்போசி கிளம்பும். அக்கா நோன்போடு நாள் முழுக்க நின்று செக்கிங் பார்த்துவிட்டு, பஸ்ஸில்தான் நோன்பு திறப்பார். மடியில் ஒரு பேரீச்சம்பழம், ஒரு பாட்டில் தண்ணீர். அந்த பஸ் கண்டக்டர் கவுண்டர் வீட்டுப் பையன். அவர் தன் வாட்சைப் பார்த்து, "அக்கா, ஆயிருச்சுங்க, குடிச்சுக்கங்க" என்று சத்தமாகச் சொல்வாராம். அக்கா மட்டும் அவர் சொன்னதும் குடிக்க மாட்டார். தன் வாட்சையும் பார்ப்பார்.

என் முதல் நோன்பு மாதத்தில்தான் ஊரே அக்கா மேல் கோபப்பட்டது.

இருபத்தொன்பதாவது நோன்பு திறந்த சாயங்காலம். பிறை தெரிந்தால் விடிந்தால் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. தெருவிலேயே உயரமான மொட்டைமாடி எங்களுடையது என்பதால் பெண்கள் எல்லாரும் அங்கே கூடிவிட்டார்கள். வானம் கலங்கிக் கிடந்தது. திடீரென்று ஒருத்தி, "அதா! அதா!" என்று கத்தினாள். உடனே இன்னும் நாலு பேர், "ஆமா, ஆமா!" கீழே பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி நின்றிருந்தார். மரக்கடைக்காரர், கனத்த குரல். "செக்கிங் அக்கா பார்த்துச்சா?" என்று கீழிருந்து கேட்டார். அந்தக் கண்ணின் பெயர் அப்படி.

அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சுதுங்க. பிறைன்னு சொல்ல மாட்டேன்."

"கோடுன்னா பிறைதானம்மா?"

"கோடுன்னா கோடுங்க."

அவ்வளவுதான். கத்தியவள் முதலில் குரலை இறக்கினாள். "எனக்கும் கோடுதானுங்க தெரிஞ்சுது." அப்புறம் ஒவ்வொருவராக. கோயமுத்தூரிலும் யாரும் பார்க்கவில்லை என்று மருந்துக்கடைப் போனில் தகவல் வந்தது. ஆனால் அதற்குள் முத்தவல்லி வீட்டில் பிரியாணி மாஸ்டர் வந்து இறங்கி, ஒரு மூட்டை வெங்காயம் நறுக்கியாகிவிட்டது. மறுநாள் முழுக்க முப்பதாவது நோன்பு வயிற்றோடு அந்த வாசத்தை மூச்சுவிட்டுக்கொண்டு திரிந்தோம். "பிறையவே முழுங்கிப்போட்டா" என்று குழாயடியில் அக்கா காது படவே பேசினார்கள். அக்கா குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். அன்று சாயங்காலம் பேய் மழை. மாடிக்கு யாரும் ஏறவேயில்லை. எனக்கும் பிறை பார்க்கக் கிடைக்கவில்லை.

இதை இங்கே சொல்ல வேண்டும்: நான் அதுவரை பெருநாள் பிறையைப் பார்த்ததே இல்லை. வால்பாறையில் எப்போதும் மஞ்சு மூடிக் கிடக்கும். எஸ்டேட்டில் எங்களுக்குப் பிறை வந்தது ரேடியோவில்தான், இல்லாவிட்டால் மலைமேல் ஏறிவரும் கடைசி பஸ் டிரைவர் வாயில்தான். "பெருநாளாம்!" என்று அவர் கத்திக்கொண்டே போவார். அதனால் மறுவருசம் இருபத்தொன்பதாவது நோன்பு நெருங்க நெருங்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதுச்சேலை தலையணைக்கடியில். மருதாணி அரைத்துக் கிண்ணத்தில் மூடி வைத்தாயிற்று. பள்ளிவாசல் மினாராவில் சீரியல் செட் கட்டி, எரியவிடாமல் வைத்திருந்தார்கள்.

"இன்னிக்குத் தெரியுமாக்கா?"

"தெரிஞ்சாத் தெரியும்."

அன்று அக்கா அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பேரீச்சம்பழத்தையும் கஞ்சியையும் மாடிக்கே கொண்டுபோய் நோன்பு திறந்தோம். மத்த பெண்கள் வரவில்லை. போன வருசத்துக் கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது. மேகமும் கோயமுத்தூர்ப் பக்கம் அப்பிக்கொண்டிருந்தது. சூரியன் எங்கே இறங்கியது என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. மேகத்துக்கு அடியில் மட்டும் செம்மஞ்சளாக ஒரு பட்டை.

அக்கா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எழுந்தார். கண்ணைச் சுருக்கவில்லை, பெரிதாக விரித்தார். ட்யூப்லைட்டுக்கு எதிரே பனியனைப் பிடித்துப் பார்க்கிறபோது அப்படித்தான் நிற்பார் போலிருக்கிறது.

"அதோ" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

விரல் போன திசையில் பார்த்தேன். தென்னை மரம், தண்ணீர்த் தொட்டி, மேகம். "ஆமாக்கா! பார்த்துட்டேன்!" என்றேன்.

"எப்படி இருந்துச்சு?"

"வளைஞ்சு... வெள்ளையா..."

"எந்தப் பக்கம் வளைஞ்சு?"

நான் மறுபடி மேகத்தைப் பார்த்தேன். அக்கா என்னையே பார்த்தார். திட்டவில்லை. "நீ பார்க்கலை கண்ணு" என்றார். "மூடிருச்சு. நான் தொழுதுட்டு வாரேன்." இறங்கிப் போய்விட்டார்.

அவமானமாக இருந்தது. ஆனால் இறங்கிப் போக மனசு வரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவர் காட்டிய இடத்தையே பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் வந்தது. அங்கே ஒன்றும் இல்லை. கண்ணைத் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் கீழே, தென்னைமரத்துக்கு இடதுபுறம் பார்த்தேன். மேகம் நூலாகப் பிரிந்திருந்தது.

அங்கே இருந்தது!

நான் நினைத்திருந்ததுபோல் நின்றுகொண்டிருக்கவில்லை. மல்லாந்து கிடந்தது. கழுவிக் கவிழ்க்காமல் விட்ட கிண்ணம் மாதிரி, இரண்டு கொம்பும் மேலே பார்த்தபடி. இழை அவ்வளவு மெல்லிசு. வலது கொம்பு மேகத்தில் புதைந்திருந்தது. மேகம் மெல்ல நகர்ந்தது, அது நகரவில்லை. நான் "அக்கா!" என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் மேகம் சேர்ந்துவிட்டது.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அக்கா தொழுகையில் இருந்தார். அவர் சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை கதவோரத்தில் துடித்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைத் திருப்பியதும், "மல்லாந்து கெடந்துச்சுக்கா! நீங்க காட்டுன எடத்துல இல்லை, கீழே, தென்னைக்கு இந்தப்பக்கம்! வலது கொம்பு தெரியலை!" என்றேன் ஒரே மூச்சில்.

அக்கா என் முகத்தை, டேமேஜ் தேடுவதுபோல, கொஞ்ச நேரம் பார்த்தார். "ம்" என்றார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் முத்தவல்லியின் குரல். பின்னால் இருபது முப்பது பேர். பள்ளிவாசல் மாடியிலும் ஒருவர் பார்த்திருக்கிறார்: ஏர்ஃபோர்ஸில் வேலை பார்க்கும் லக்னோ பக்கத்துக்காரர். தமிழ் தெரியாது. "சாந்த்! சாந்த்!" என்று நிலாவைச் சொல்லி அவர் துள்ளிக் குதித்தபோது பக்கத்தில் நின்றவர்கள் பார்ப்பதற்குள் மூடிவிட்டது. ஓர் ஆண் சாட்சி மட்டும் போதாது.

"அக்கா, நீங்க ஏதாச்சும் பார்த்தீங்களா?" முத்தவல்லி கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார்.

"பார்த்தேனுங்க."

முத்தவல்லி ஓர் அடி முன்னால் வந்தார்.

"கோடா?"

"பிறைங்க."

எழுந்த சத்தத்தில் பட்டறைத் தகரம் அதிர்ந்தது. முத்தவல்லி இரண்டு கையையும் தூக்கி எல்லோரையும் அடக்கினார். "இருங்கப்பா! மேகமா இருக்கறப்ப ரெண்டு ஆம்பளை வேணும். இல்லைன்னா ஒரு ஆம்பளை, ரெண்டு பொம்பளை. இன்னும் ஒருத்தர் வேணும்." அவர் கண் என் மேல் விழுந்தது. "அம்மணி, நீயும் கூடத்தானே இருந்த? நீயும் பார்த்தயில்ல?"

அக்கா எனக்காகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. "அவ பார்த்தாளான்னு அவதானுங்க சொல்லணும்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் கையில் கிரீஸோடு பட்டறை வாசலில் நின்று பார்த்தார். ஆசையில் எனக்கு நானே ஒரு பிறையை வரைந்துகொண்டேனோ? ஒரு தடவை பொய்யாகப் பார்த்தேன் என்று சொன்னவள்தானே நான்? கண்ணை மூடினேன். மேகம் நகர்ந்தது, அது நகரவில்லை.

"பார்த்தேனுங்க" என்றேன்.

சாட்சிகள் நேரில் வர வேண்டும் என்று, பெருநாளை முடிவு செய்யும் கோயமுத்தூர்ப் பள்ளிவாசலிலிருந்து போனில் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நின்றால் நேரமாகிவிடும். எதிர்வீட்டுத் தறிக்காரக் கவுண்டரம்மா சத்தம் கேட்டு வெளியே வந்தவர், விஷயம் தெரிந்ததும் உள்ளே போய்க் கார் சாவியைக் கொண்டுவந்து என் வீட்டுக்காரர் கையில் திணித்தார். "ஏனுங்க, இதுக்கெல்லாமா கேட்டுட்டு நிப்பீங்க? நெலாவுக்கு லேட்டாகுது, போங்க!"

பழைய அம்பாசிடர். முன்னால் என் வீட்டுக்காரர், ஏர்ஃபோர்ஸ்காரர், முத்தவல்லி. பின்னால் நானும் அக்காவும். திருச்சி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பறந்தோம். ஏர்ஃபோர்ஸ்காரர் பின்னால் திரும்பித் திரும்பி இந்தியில் ஏதோ கேட்டார், கையை விரித்து அகலம் காட்டினார். அக்கா தன் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் நெருக்கி, அதிலும் கொஞ்சம் குறைத்துக் காட்டினார். அவர் "ஹாங், ஹாங்!" என்று சீட்டைத் தட்டினார். சிங்காநல்லூர் தாண்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே கையாலேயே பேசிக்கொண்டு வந்தார்கள். இருவருக்கும் ஒத்துப்போனதில் முத்தவல்லிக்கு வாய் காது வரை போயிற்று.

கோயமுத்தூர் கோட்டைமேட்டுத் தெருவுக்குள் கார் நுழைய முடியவில்லை. அவ்வளவு ஜனம். வளையல் கடை, அத்தர் கடை, தையல்காரர்கள், செருப்புக் கடை, எல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தது. தையல்காரர் ஒருவர் மிஷினில் காலை வைத்தபடியே, "நாளைக்கா, நாளான்னிக்கா? சொல்லித் தொலைங்கப்பா!" என்று கத்தினார். எப்படித்தான் தெரிந்ததோ, "பிறை பார்த்தவங்க வந்திருக்காங்க, வழி விடுங்க!" என்று ஒரு குரல் எழுந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் கைத்தறிச் சேலையும் வெள்ளைத் துப்பட்டியுமாக அக்கா, ரேஷன் வரிசையில் போகிறவர்போல் நடந்தார். நான் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

பள்ளிவாசலை ஒட்டிய அறையில் மார்க்கம் படித்த அஸரத்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரைக்கு இந்தப்பக்கம் எங்களுக்கு நாற்காலி. ஒவ்வொருவராகத்தான் கேட்டார்கள். ஏர்ஃபோர்ஸ்காரர் உருதுவில் சொல்லி முடித்தார். அடுத்து அக்கா. என்னை வெளியே நிறுத்தினார்கள். கதவு சரியாகச் சாத்தாததால் பேச்சு கேட்டது.

"மேகம் இருந்ததே அம்மா. மேகத்தோட விளிம்பா இருக்கக் கூடாதா?"

"மேகத்தோட விளிம்பு மேகத்தோட போகுங்க. இது போகலை."

"எவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

"மூணு மூச்சு நேரமுங்க."

"அதுக்குள்ள உறுதியாச் சொல்ல முடியுமா?"

"ஒரு பீஸ் பார்க்க எனக்கு அவ்வளவு நேரம்கூடத் தர மாட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். முத்தவல்லி பொறுக்காமல் குறுக்கே புகுந்தார். "அஸரத், இந்தம்மா பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லாதுங்க. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்."

என் முறை. எந்தப் பக்கம் கொம்பு, எவ்வளவு உயரம், எல்லாம் கேட்டார்கள். சொன்னேன். கடைசியாக மூத்த அஸரத்தின் குரல் திரைக்கு அப்பாலிருந்து நிதானமாக வந்தது:

"உங்க நாத்தனார் காட்டினப்ப நீங்களும் பார்த்தீங்களா?"

'ஆமாம்' என்றால் முடிந்தது. இரண்டு சாட்சியும் பிசிறில்லாமல் பொருந்திவிடும். நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்தே விட்டது.

"இல்லைங்க" என்றேன். "அப்ப பார்த்தேன்னு அவங்ககிட்டப் பொய் சொன்னேன். அவங்க தொழப் போனதுக்கப்புறம் தனியா நின்னு, வேற எடத்துல பார்த்தேன். அது நெசமுங்க."

எல்லாம் போயிற்று, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம் மூத்த அஸரத், பக்கத்தில் இருந்தவர்களிடமோ தனக்குத்தானோ, "அல்ஹம்துலில்லாஹ். இது போதும்" என்றார்.

நான் வெளியே வந்து அக்காவின் பக்கத்தில் உட்காரக்கூட இல்லை. மேலே பள்ளிவாசல் மாடியில் பெருநாள் சைரன் ஊதியது. ஊதியது, ஊதியது, நிற்கவேயில்லை. மைக்கில் அறிவிப்பு வருவதற்கு முன்பே தெரு வெடித்துவிட்டது. அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்! பட்டாசு. சீரியல் பல்புகள் ஒவ்வொரு மாடியாகப் பற்றிக்கொண்டு ஓடின. முன்பின் தெரியாத பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அந்தத் தையல்காரர் அரைகுறைச் சட்டையைத் தலைக்கு மேல் சுழற்றிவிட்டு, மறு நிமிடமே தலையில் அடித்துக்கொண்டு மிஷினை மிதிக்க ஓடினார். முத்தவல்லி மருந்துக்கடைக்குப் போன் போட்டு, "வெங்காயத்தை நறுக்கச் சொல்லுடா!" என்று கத்தினார்.

காருக்குத் திரும்பும் வழியில் அக்கா வளையல் கடை முன்னால் நின்றார். என் கையைப் பிடித்து அளவு பார்த்து, ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையலைத் தானே ஏற்றிவிட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. சூலூர் வரும்வரை கையைக் கீழே போடாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெருநாள் மாதிரி ஒரு பெருநாளை நான் அப்புறம் பார்க்கவில்லை. விடியும் முன்பே எண்ணெய்க் குளியல். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லிக்கொண்டு ஆண்கள் வரிசையாகப் பெருநாள் தொழுகைக்கு ஈத்கா மைதானத்துக்குப் போனார்கள். அத்தர் வாசம் தெருவில் அவர்களுக்குப் பின்னால் நடந்தது. போன வருசம் குழாயடியில் பேசியவர்கள் எல்லாரும் கிண்ணம் கிண்ணமாய்ச் சேமியாப் பாயசத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி குடித்தார். ஏர்ஃபோர்ஸ்காரர் மத்தியானம் பிரியாணிக்கு வந்து, "பெஹன், பெஹன்" என்று அக்காவை விடாமல் அழைத்தார். தங்கச்சி என்று அர்த்தமாம். "நான் மூத்தவன்னு சொல்லுங்க அவர்கிட்ட" என்று அக்கா என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

மூணு மணி வாக்கில், கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது, கவுண்டரம்மா வந்தார். அவருக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த நெய்ச் சேமியாவை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, எங்கூட்டுக் கார்ல போயித்தான் இந்த ஊருக்கெல்லாம் பண்டிகை வந்துருக்குது. எனக்கு ஒண்ணு சொல்லோணும். அந்த நெலா எப்படித்தான் இருந்துச்சு?"

அக்கா வழக்கம்போலத் தொடங்கினார். தென்னைக்கு மேலே இவ்வளவு உயரம், மெல்லிசாக, மல்லாந்து, மூணு மூச்சு நேரம். கவுண்டரம்மா கரண்டியை வாயில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா பேச்சை நிறுத்தினார். ஏதோ விட்டுப்போன மாதிரி சுவரைப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருந்துச்சுங்க" என்றார்.

சொன்னவர் முகம் சிவந்துவிட்டது. சட்டென்று எழுந்து, அடுப்படிக்குள் போய், பிரியாணி அண்டாவின் அடியைச் சத்தமாகச் சுரண்டத் தொடங்கினார்.